மிச்ச மருந்தை ராத்திரிக்கு வைக்கக் கூடாது: சிவகாசிக்குத் தெரிந்த கணக்கு நம் ஆபீஸ்களுக்கு ஏன் தெரியவில்லை?

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பட்டாசு ஆலைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. சீசன் முடிந்து பூட்டினால், பூஜை போட்டு மறுபடி திறக்கச் சில வாரங்கள் ஆகும். அதனால் அத்தை வீட்டில் இருந்தார். நானும் லீவில்தான் இருந்தேன், பேருக்கு. ராத்திரி பத்தரை மணிக்கு வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஒரு எக்ஸெல் ஷீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

“என்ன மருமகனே, இன்னுமா ஷிப்ட் முடியல?”

“ஷிப்ட்லாம் இல்லத்தை. கொஞ்சம் மிச்சம் இருக்கு. இப்பவே முடிச்சுட்டா நாளைக்கு ஃப்ரீ.”

“நேத்தும் இதத்தான சொன்ன?”

சிரித்து மழுப்பினேன். அத்தை விடவில்லை. இருபது வருஷமாகப் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். “எங்க செட்டுல கலந்த மருந்த மிச்சம் வச்சுட்டு வீட்டுக்குக் கிளம்புனா போர்மேன் சும்மா விடமாட்டாரு. அன்னைக்குக் கலந்தத அன்னைக்கே தீக்கணும். மிச்சம் வச்சா ராத்திரி அது தானா சூடேறிக்கிட்டு கெடக்கும். உங்க ஆபீஸ்ல அப்படி யாரும் சொல்றதில்லையா?”

யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியது யார் வேலை என்பதே எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

பட்டாசுத் தொழில் தெரியாதவர்களுக்காக: மருந்து என்றால் இங்கே வெடிமருந்து. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி போன்றவற்றின் கலவை. ஈரம் பட்டாலோ, கலந்தபடியே கிடந்தாலோ உள்ளுக்குள் வினை நடக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிறத் தூள். காலையில் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும்.

‘முடியல’ என்பதற்கு ஒரு பெயர்

ஆபீஸ் வேலை பார்க்கும் நம்மிடம் இதற்குச் சில சொற்கள் உண்டு. ‘முடியல’, ‘வெறுத்துப்போச்சு’, ‘மண்டை காயுது’. இப்போது எல்லோரும் சொல்வது ‘பர்ன்-அவுட்’. எரிந்து தீர்ந்துபோவது.

இந்தச் சொல்லுக்கு இன்றைய அர்த்தத்தைக் கொடுத்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ மையம் ஒன்றில் வேலை பார்த்த அவர், 1974-ல் இதைப் பற்றி எழுதினார். அவர் கவனித்தது சோம்பேறிகளை அல்ல. ஆர்வத்தோடு வந்து நேரம் காலம் பார்க்காமல் உழைத்த தன்னார்வலர்களை; தன்னையும் சேர்த்து. ‘நல்லா வேலை பாக்குற ஆள், திடீர்னு என்ன ஆச்சு?’ என்று நாம் கேட்கிறோமே, அந்த ஆட்களை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலைப் புதுப்பித்தபோது பர்ன்-அவுட்டுக்குத் தெளிவான விளக்கம் தந்தது. மூன்று அறிகுறிகள். முதலாவது, சக்தி வற்றிப்போவது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கினாலும் திங்கள் காலை எழுந்திருக்கும்போதே களைப்பாக இருப்பது. இரண்டாவது, வேலையிலிருந்து மனசு விலகிப்போவது. முன்பு பிடித்த வேலையைப் பற்றியே ‘எல்லாம் வேஸ்ட்’ என்று கசப்பாகப் பேசுவது. மூன்றாவது, நம்மால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். இரண்டு வரி மெயிலை அனுப்புவதற்கு முன் ஆறு தடவை படித்துப் பார்க்கிறோமே, அதுவும் இதில் சேர்த்திதான்.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்லவில்லை. வேலை சார்ந்த நிகழ்வு என்றுதான் சொல்கிறது. பணியிடத்தில் தொடர்ந்து இருந்துவரும், சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு. அதாவது கோளாறைத் தேட வேண்டிய முதல் இடம் உங்கள் மண்டை அல்ல, உங்கள் ஆபீஸ். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? ஹெச்ஆரிடமிருந்து தியான ஆப் ஒன்றின் இலவச சந்தா வருகிறது.

ஒரு அம்மாவின் கடிதம்

அன்னா செபாஸ்டியன் பெராயில் என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கலாம். கொச்சியைச் சேர்ந்தவர், வயது 26, சி.ஏ. முடித்தவர். 2024 மார்ச்சில் புனேயில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் குழும நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். அதுதான் அவருக்கு முதல் வேலை. நான்கே மாதத்தில், ஜூலை 20 அன்று இறந்துபோனார். அவருடைய அம்மா அனிதா அகஸ்டின் நிறுவனத்தின் இந்தியத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியாகி நாடு முழுவதும் பேசப்பட்டது. ராத்திரி வரை வேலை, வார இறுதியிலும் வேலை, புது ஊர், புது மொழி என்று மகள் பட்ட பாட்டை அதில் எழுதியிருந்தார். இறுதிச் சடங்குக்கு ஆபீஸிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்பதையும் எழுதியிருந்தார்.

வேலைப்பளுதான் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் விசாரணை அறிவித்தது. அந்த நாட்களில் சென்னை நிகழ்ச்சி ஒன்றில் பேசிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைப் பிள்ளைகளுக்குக் குடும்பங்களும் கல்வி நிறுவனங்களும் சொல்லித்தர வேண்டும் என்றார். அது சர்ச்சையானது. பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்லவில்லை என்று பிறகு விளக்கமும் தந்தார்.

அரசியலை விடுங்கள். நம் வீடுகளிலும் இதே பேச்சுதான். ‘அந்தக் காலத்துல நாங்க படாத கஷ்டமா?’ ‘இந்தத் தலைமுறைக்குத் தாங்குற சக்தி கம்மி.’ எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் ஊரில் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் சொல்லப்படும் சொல்தான் நினைவுக்கு வரும். ‘கவனக்குறைவு.’

கவனக்குறைவு என்ற சொல்

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி விபத்து. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12. அச்சங்குளம். இருபதுக்கும் மேற்பட்டவர்கள். இடையிலும் பிறகும் நடந்ததை எல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் போதாது. சிவகாசி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு எங்கள் பகுதியில் வழி கேட்கத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும்.

விபத்து நடந்த அன்று வரும் முதல் செய்தி ‘தொழிலாளியின் கவனக்குறைவால் உராய்வு ஏற்பட்டு’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். இறந்தவர் வந்து மறுப்புச் சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு விசாரணை நடக்கும்போது வேறு விஷயங்கள் வரும். அனுமதித்ததைவிட அதிகம் பேர் உள்ளே இருந்தார்கள். அனுமதித்ததைவிட அதிக மருந்து இருந்தது. அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை நடந்தது. உரிமம் ஒருவர் பெயரில், ஆலை இன்னொருவரிடம் உள்குத்தகைக்கு. இவை திரும்பத் திரும்ப வருபவை.

இப்படிக் கண்டுபிடிக்க முடிவதற்குக் காரணம், எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் ஒரு அளவு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. உற்பத்தி அறை ஒன்றில் 4 பேருக்கு மேல் கூடாது. இந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு கிலோ மருந்து என்பதை அறையிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். அறைக்கும் அறைக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி. நைலான் துணி கூடாது, பருத்திதான். செல்போன் உள்ளே போகாது. வெளிச்சம் போனால் வேலை நிற்கும். கலந்த மருந்து மறுநாளுக்குப் போகாது.

சிவகாசியை நான் பெருமையடிக்கவில்லை. இந்த விதிகள் மீறப்படுவதால்தான் சாவு விழுகிறது. அத்தைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பீஸ் ரேட், எத்தனை செய்கிறாரோ அவ்வளவு கூலி. ஆலை பூட்டியிருந்தால் ஒன்றும் இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபோது ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்தச் சமயம் அடகுக்கடைக்குப் போகாத வீடு எங்கள் தெருவில் இல்லை. ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நான் அந்த வாழ்க்கையோடு என் கஷ்டத்தை எடை போட்டுப் பார்க்க மாட்டேன்.

நான் சொல்ல வருவது வேறு. விதியை மீறினால், ‘நீ இந்த விதியை மீறினாய்’ என்று விரல் நீட்டவாவது அங்கே ஒரு எண் இருக்கிறது. ஆபீஸில் மீறுவதற்கே எண் கிடையாது.

எத்தனை மணி நேரம்?

எண்ணே இல்லாமல் போய்விட்டதா என்றால், சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். படித்துப் பார்த்தால் வேறு ஏதோ நாட்டுச் சட்டம் மாதிரி இருக்கிறது, இல்லையா? இதே சட்டத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. 27 வயதில் நம் விசிட்டிங் கார்டில் ‘அசிஸ்டன்ட் மேனேஜர்’ என்று ஏறும்போது வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொடுக்கிறோம். அந்தப் பட்டத்துக்குப் பின்னால் இருக்கும் வசதி யாருக்கு என்பதை யோசிப்பதில்லை.

ஐடி ஊழியர்களுக்குத் தொழிலாளர் சட்டங்களே பொருந்தாது என்று பலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி விலக்கு எதுவும் இல்லை, ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் 90 மணி நேரத்துக்குப் போனார். வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று அவர் கேட்டதை வைத்து மீம்ஸ் போட்டே ஒரு வாரம் ஓட்டினோம். மீம்ஸோடு நின்றுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 மணி நேரம் என்றால் ஞாயிறு உட்பட ஏழு நாளும் கிட்டத்தட்ட 13 மணி நேரம். ஓஎம்ஆரில் பஸ் பிடித்து நிற்கும் நேரம் தனி.

இதன் விளைவு என்ன என்பதற்கும் எண் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம்; இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016-ல் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் பக்கவாதமும் இதய நோயும் வந்து இறந்தவர்கள் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. நம்மூர் சட்டத்தில் 54 என்று எழுதியிருப்பதும், ஆய்வு 55-ல் கோடு போடுவதும் தற்செயல்தான். ஆனாலும் 1947-ல் அந்த எண்ணை எழுதியவர் யாரோ, ஆள் விவரமானவர்.

பேச்சுத் துணை

தனிமைக்கு எங்கள் பக்கத்தில் பெரிய சொல்லெல்லாம் கிடையாது. ‘பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல’ என்பார்கள். தனியாக இருப்பது வேறு, பேச்சுத் துணை இல்லாமல் இருப்பது வேறு என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. காட்டில் ஒற்றை ஆளாக ஆடு மேய்ப்பவருக்குச் சாயங்காலம் டீக்கடையில் பேச்சுத் துணை உண்டு. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் தளத்தில் எனக்கு இல்லை.

விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் பல வருஷம் மாநிலத்தின் முதல் இடத்தில் இருந்தது. தீப்பெட்டி ஒட்டியும், பட்டாசுக்குக் குழாய் சுருட்டியும், அச்சகத்தில் தாள் மடித்தும் பெற்றோர் கட்டிய ஃபீஸ் அது. சுற்றிலும் இன்ஜினீயரிங் கல்லூரிகள். படித்து முடித்தால் மதுரையில்கூட நிற்பதில்லை, நேராகச் சென்னை, பெங்களூரு. வீட்டில் முதல் ஆபீஸ் ஆள் நாம்தான். ஆபீஸில் என்ன நடக்கிறது என்று வீட்டில் விளக்க முடியாது. ‘ஏசில உக்காந்து என்ன கஷ்டம்?’ என்று அவர்கள் கேட்டால் அதில் நியாயமும் இருக்கிறது. வீட்டில் என்ன நடக்கிறது என்று ஆபீஸில் சொல்ல முடியாது. போனில் ‘சாப்டியா?’, ‘சாப்டேன்’, அவ்வளவுதான். பிஜி ஹாஸ்டலில் ரூம்மேட் வேறு ஷிப்ட். ராத்திரி பார்சல் கொண்டுவரும் டெலிவரி தம்பியிடம் ‘தேங்க்ஸ்ண்ணா’ என்று அவனும் நானும் மாறி மாறிச் சொல்லிக்கொள்வதுதான் சில நாட்களில் நான் வாய்விட்டுப் பேசும் ஒரே தமிழ்.

கேலப் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உலக அறிக்கையில், வேலை பார்ப்பவர்களில் ஐந்தில் ஒருவர் முந்தைய நாளின் பெரும்பகுதியைத் தனிமை உணர்வோடு கழித்ததாகச் சொல்லியிருந்தார்கள். முழுக்க வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களிடம் இது 25 சதவீதம். ஆபீஸுக்குப் போகிறவர்களிடம் 16. அதைக் காட்டி ‘அப்போ எல்லாரும் ஆபீஸுக்கு வாங்க’ என்கிறார்கள். சரி, வருகிறோம். வந்து என்ன செய்கிறோம்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரருக்கே சாட்டில் மெசேஜ் அனுப்புகிறோம். சீட்டும் நம் சீட்டு இல்லை, ஆப்பில் புக் செய்தது. நாளைக்குப் பக்கத்தில் யாரோ. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. எங்கள் தளத்தில் கணக்கெடுத்தால் அதைவிடக் கூடுதலாகத்தான் வரும் என்று தோன்றியது.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆபீஸில் நடந்தது. எங்கள் டீமில் ஏழு பேர் இருந்தோம். இரண்டு பேர் வேலையை விட்டார்கள். புதிதாக ஆள் எடுக்கவில்லை. ஏழு பேர் வேலையை ஐந்து பேர் பார்த்தோம். ‘கொஞ்ச நாளைக்குத்தான்’ என்றார்கள், அது பதினொரு மாதம் ஆனது. எனக்கு டெட்லைன் தவற ஆரம்பித்தது. நான்தான் மக்கு, மற்ற நான்கு பேரும் சமாளிக்கிறார்கள் என்று நினைத்தேன். தூக்கம் போனது. யாரிடமும் சொல்லவில்லை, அப்ரைசல் சமயம் வேறு.

பிறகு அதில் ஒரு பெண்ணும் ராஜினாமா செய்தார். கடைசி நாள் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றோம். ஆறு மாதமாக மதியம் ரெஸ்ட் ரூமில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாராம். “நீங்க எல்லாரும் நார்மலா இருந்தீங்க, எனக்கு மட்டும்தான் முடியலன்னு நெனச்சேன்” என்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் நான்கு சீட். தினமும் காலையில் ஸ்டாண்ட்-அப் காலில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டோம். ‘நோ பிளாக்கர்ஸ்’ என்று இருவருமே சொல்வோம்.

வேலைப்பளு அதிகமாகி, அதன் பக்கவிளைவாகத் தனிமை வருகிறது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். அந்த டீக்கடையில் நின்றபோது எனக்குத் தலைகீழாகத் தோன்றியது. நாங்கள் ஐந்து பேரும் பேசிக்கொண்டிருந்தால் இரண்டாம் மாதமே ‘ஏழு பேர் வேலையை ஐந்து பேர் பார்க்கிறோம்’ என்பது ஒரு எண்ணாக வெளியே வந்திருக்கும். மேனேஜரிடம் கொண்டுபோய் வைத்திருக்கலாம். பேசாததால் அது ஐந்து தனித்தனி ஆட்களின் தனித்தனி இயலாமையாக மாறிவிட்டது. தனிமை இல்லாவிட்டால் அந்த ஆபீஸால் பதினொரு மாதம் அப்படி ஓட்டியிருக்க முடியாது.

அத்தையின் செட்டில் நான்கு பேர் காலை நீட்டி உட்கார்ந்தால் மதியத்துக்குள் நாலு வீட்டுக் கதையும் நாலு பேருக்கும் தெரிந்துவிடும். ஒருத்திக்குக் கை மெதுவானால் மற்றவள் கேட்பாள், “ஏண்டி, ராத்திரி தூங்கலயா?” போகும்போதும் வரும்போதும் ஆலை வேனில் அதே பேச்சு. கூலி குறைவு என்பதும் அங்கேதான் பேசப்படுகிறது. எல்லாம் இனிமை என்று சொல்லவில்லை, சண்டையும் உண்டு, மூணு மாதம் பேசாமல் இருப்பதும் உண்டு. ஆனால் பேசாமல் இருக்கிறாள் என்பதாவது அங்கே தெரிகிறது!

குட்டி ஜப்பானும் அசல் ஜப்பானும்

சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்று பெயர். உழைப்புக்காக வந்த பட்டம், எங்களுக்கு அதில் பெருமை. அசல் ஜப்பானில் அந்த உழைப்புக்கு இன்னொரு சொல் இருக்கிறது: ‘கரோஷி’. அதிக வேலையால் வரும் சாவு.

டோக்கியோவில் டென்ட்சு என்ற பெரிய விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த மட்சுரி டகஹாஷி, 24 வயதில், 2015 கிறிஸ்துமஸ் அன்று தற்கொலை செய்துகொண்டார். முதல் வேலை, முதல் வருஷம். மாதத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் பார்த்தது பிறகு தெரியவந்தது. அங்கேயும் விடாமல் போராடியது ஓர் அம்மாதான். 2016-ல் அரசு அதை வேலைப்பளுவால் வந்த சாவு என்று ஏற்றது. 2017-ல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு அபராதம் போட்டது. 5 லட்சம் யென், அந்த நிறுவனத்துக்குச் சில்லறைக் காசு. ஆனால் நாடு அசைந்தது. டென்ட்சு ராத்திரி 10 மணிக்கு ஆபீஸ் விளக்குகளை அணைக்க ஆரம்பித்தது. 2018-ல் ஜப்பான் சட்டம் திருத்தி, மாதத்துக்கு 45 மணி நேரம், வருஷத்துக்கு 360 மணி நேரம் என்று ஓவர்டைமுக்கு உச்சவரம்பு வைத்தது. விசேஷச் சூழலிலும் மாதம் 100-ஐத் தொடக் கூடாது.

ஜப்பானில் இதெல்லாம் தீர்ந்துவிடவில்லை, கரோஷி வழக்குகள் இன்னும் வருகின்றன. ஆனால் ஒரு சாவு நடந்தால் அங்கே முதலில் கேட்கும் கேள்வி ‘கடைசி மாதம் எத்தனை மணி நேரம் ஓவர்டைம்?’ என்பது. நாம் கேட்பது ‘வீட்ல ஏதாவது பிரச்சனையா?’

அப்படியென்றால் என்ன செய்வது?

யோகா வகுப்பு, வெள்ளிக்கிழமை பீட்சா, ‘மென்டல் ஹெல்த் டே’ போஸ்டர், இவற்றை நான் கேலி செய்யப்போவதில்லை. பீட்சா நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்து அளவுக்கு மேல் இருக்கும் அறைக்கு வெள்ளை அடிப்பது மாதிரி அது. அறைக்குள் இருப்பதைக் குறைக்க வேண்டும்.

ஆபீஸ்கள் செய்ய வேண்டியதில் முக்கியமானது ஒன்று என்று கேட்டால், ஆள் போனால் வேலையும் போக வேண்டும் என்பேன். ஏழு பேரில் இரண்டு பேர் விலகினால், புது ஆள் வரும்வரை எந்த வேலையை நிறுத்துகிறோம் என்று மேனேஜர் எழுதித் தர வேண்டும். இதற்குச் சட்டம் தேவையில்லை. ஒரு மெயில் போதும்.

சட்டம் தேவைப்படும் இடமும் உண்டு. வேலை நேரத்துக்குப் பிறகு ஆபீஸ் அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமை பிரான்ஸில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல் இருக்கிறது. இந்தியாவில் சுப்ரியா சுலே எம்.பி. மக்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தும் சட்டமாகவில்லை. தமிழ்நாட்டால் முடியாததா? துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றவர்களுக்கு ஸ்டூல் போட வேண்டும் என்று 2021-ல் இங்கே சட்டம் வந்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். எதிர்த்தவர்கள் தொழிற்சங்கங்களும் கட்சிகளும். லேப்டாப் பை மாட்டிய நாம் அன்று ஸ்டேட்டஸ்கூடப் போட்டோமா என்று நினைவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கு நிலைமை ரொம்ப மோசமாக இருந்தால், தூக்கமே இல்லை, இருக்கவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போயிருந்தால், சட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். டெலிமானஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-ம் இருக்கிறது. பர்ன்-அவுட் நோய் இல்லை என்றாலும், அதன் முடிவில் வரும் மனச்சோர்வு நோய்தான், அதற்கு மருந்து இருக்கிறது.

அந்த அளவுக்குப் போகாதவர்கள் முதலில் செய்யக்கூடியது எண்ணுவது. அத்தை கேட்ட கேள்விக்குப் பிறகு நான் அதைத்தான் ஆரம்பித்தேன். நாட்டுக்கே காலண்டரும் டைரியும் அச்சடிக்கும் ஊர் எங்களுடையது. ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வந்துவிடும், ஆனாலும் வீட்டில் யாரும் டைரி எழுதிப் பார்த்ததில்லை. அச்சகத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா கொடுத்த டைரி ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். தினமும் லேப்டாப்பை மூடும் நேரத்தை மட்டும் அதில் எழுதுகிறேன், வேறு எதுவும் இல்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “எனக்கும் ஒண்ணு கெடைக்குமா?” என்றார். சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆலை திறந்துவிட்டது. அத்தை ராத்திரி எட்டரைக்குப் படுத்துவிடுவார், அதற்கு முன் ஒரு போன். “மூடிட்டியா?” “இல்லத்தை.” “சரி, சாப்பிடு.” மூன்று வாரத்துக்கு எழுதியாகிவிட்டது. 9.40. 10.15. 8.50. 11.05. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நேராகவும் எண் இருக்கிறது. மேனேஜரிடம் இன்னும் காட்டவில்லை. வருகிற திங்கள்கிழமை ஒன்-ஆன்-ஒன் மீட்டிங் இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரருக்குச் செவ்வாய்க்கிழமை.